தண்ணி எங்கிட்டுப் போகும், மேஸ்திரி?

பழைய வீட்டுக்கு வெளிவேலை: எஸ்டிமேட்டில் படிக்க வேண்டியதும், அதில் எழுதாமல் விட்டதும்

ஆடியில் யாரும் கைவைப்பதில்லை. ஆவணி பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே அவசரம். ஐப்பசி மழைக்கு முன்னால் காம்பவுண்டை ஏத்திரணும், வாசலுக்குக் கல்லைப் பதிச்சுரணும், பொரிந்து உதிரும் மேலப்பக்கச் சுவரைப் பூசிரணும். நடுவில் இருப்பது இரண்டு மாதம். உசிலம்பட்டியில் பழைய வீட்டை வைத்திருக்கும் குடும்பம் மேஸ்திரியோடு பேரம் பேச உட்காரும்போதே பாதி தோற்றுப்போய் உட்காருவதற்கு இந்த அவசரம்தான் காரணம். வேலை தொடங்கும் தேதி அவர் கையில் இருக்கிறது. தொகையை மட்டும் நாம் குறைக்கப் பார்க்கிறோம்.

வருகிற எஸ்டிமேட்டும் அந்த அவசரத்துக்கு ஏற்றபடியே இருக்கும். சிமெண்டுக் கடை பில் புத்தகத்தின் முதுகில் நான்கு வரி. அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். வீட்டில் இருப்பது வயதான அப்பா, அம்மா. தொகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மகனோ மகளோ திருப்பூரிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். “காம்பவுண்டு 60 அடி, வாசல் பேவர், வெளிப்பூச்சு, லேபர் மெட்டீரியல் சேர்த்து” என்று எழுதி, கீழே கோடு போட்டு ஒரு தொகை.

மூன்று பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 1,65,000 என்கிறார். இன்னொருவர் 2,10,000. மூன்றாமவர் 2,90,000. மூவரும் பார்த்தது ஒரே வாசல். வழக்கமாக நடப்பது என்ன? மூன்றாமவர் கொள்ளைக்காரர் என்று ஒதுக்கப்படுவார். முதலாமவர் மேல் ஒரு சின்னச் சந்தேகம் வரும். நடுவில் இருப்பவரிடம், “பத்தைக் குறைச்சு ரெண்டுன்னு முடிச்சுக்கங்கண்ணே” என்று பேசி அச்சாரம் கொடுத்துவிடுவார்கள். மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று கேட்பவர் மிகக் குறைவு. ஒருவர் சுவருக்குத் தூணும் பீமும் போட்டுக் கணக்கிட்டிருக்கலாம். இன்னொருவர் வெறும் கல்லை அடுக்கிப் பூசுவதாக நினைத்திருக்கலாம். தொகையை ஒப்பிட்டு எந்த எஸ்டிமேட்டையும் எடைபோட முடியாது. எவ்வளவு சிமெண்டு, எத்தனை கல், எத்தனை கிலோ கம்பி, வானம் எத்தனை அடி ஆழம் என்ற அளவுகள் எழுத்தில் வந்த பிறகே தொகைக்கு அர்த்தம் வரும்.

பழைய வீட்டுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகும்?

இந்த ஊருக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் வியப்பில்லை. வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரவேண்டும் என்று தலைமுறைக் கணக்கில் போராடிய பூமி இது. தண்ணீர் வருமா என்று கேட்டுப் பழகிய மக்கள், எப்படி வெளியேறும் என்று கவலைப்பட நேர்ந்ததில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்கிற சில வாரங்களில் கணக்கு மாறிவிடும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. வீட்டளவில் கணக்குப் போட்டாலும் தொகை சின்னதில்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் 4,600 லிட்டருக்கு மேல். அது முழுவதும் குழாய் வழியாக இறங்குவது, நாம் பேவர் பதிக்கப்போகும் அதே வாசலில்தான்.

வாசல் ஏன் உயர்கிறது?

பழைய வீடுகள் தாழ்ந்துபோனதற்கு வீடுகள் காரணமில்லை. சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்ததில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். அதற்கு முன்பு ஏறிய உயரம் ஏறியதுதான்.

அதனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பதே, “வாசலை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்திக் கொடுங்க” என்பதுதான். மேஸ்திரிக்கு அது சுலபமான வேலை. நான்கு டிராக்டர் கிராவல் அடித்து, நிரவி, மேலே பேவர். பார்க்க அழகாக இருக்கும். வீட்டின் பேஸ்மட்டம் அதுவரை தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்து நின்றிருக்கும். இப்போது அதில் ஒரு அடி மண்ணுக்குள் போய்விடும். சுவர் வழியாக ஈரம் ஏறாமல் தடுக்க பேஸ்மட்டத்தின் மேல்மட்டத்தில் போட்ட அடுக்கு ஒன்று இருக்கும். பல பழைய வீடுகளில் அதுவும் இருக்காது. வெளித்தரை அந்த மட்டத்தை நெருங்கிவிட்டால் ஈரம் நேராகச் சுவரில் ஏறும். இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளறையில் முட்டளவு உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிரும். அப்போது வேறொரு ஆளைக் கூப்பிட்டு, வாட்டர் புரூஃப் என்று தனியாக ஒரு எஸ்டிமேட் வாங்குவோம்.

வெளித்தரை எவ்வளவு உயர்ந்தாலும் பேஸ்மட்டத்தின் மேல்விளிம்புக்கு அரை அடியாவது கீழே நிற்க வேண்டும். தெரு அதைவிட உயரம் என்றால் வாசல் முழுவதையும் உயர்த்த வேண்டியதில்லை. கேட்டை ஒட்டி ஒரு சாய்தளம், அதன் அடியில் குறுக்கே சல்லடை மூடி போட்ட ஒரு வாய்க்கால், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு சின்ன மேடு என்று பிரித்துச் செய்யலாம். வீட்டைச் சுற்றி இரண்டரை, மூன்று அடி அகலத்துக்குச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும் தளம் வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு. எஸ்டிமேட்டில் ‘பேவர் 500 சதுர அடி’ என்று மட்டும் இருந்தால் இவற்றில் எதுவும் அதில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். “வாட்டம் பாத்துத்தேன்ணே விடுவோம்” என்பார் மேஸ்திரி. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு, எத்தனை அங்குலம் என்பதைச் சீட்டிலேயே ஒரு கோட்டுப்படமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. போட்டுத் தரத் தயங்குகிறவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சாய்தளம் பற்றி ஒரு வார்த்தை. நகராட்சி சாக்கடையின் மேல் நீட்டிக் கட்டும் படியும் தளமும் நமக்குச் சொந்தமில்லை. வடிகால் வேலைக்கு ஜேசிபி வரும் நாளில் முதலில் பெயர்வது அதுதான். நமக்கு யாரும் காசு தரப்போவதில்லை.

பேவர் கல்லிலும் ஒரே பெயரில் பல சரக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15658, ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் என்றால் 50 மில்லிமீட்டர் கனமும், இலகு வண்டிப் போக்குவரத்து உள்ள இடத்துக்கு 60 மில்லிமீட்டரும், அதற்கும் மேல் என்றால் 80 மில்லிமீட்டரும் என்று பிரிக்கிறது. கனத்தோடு கல்லின் வலுவும் கூடும். வாசலில் கார் நிற்குமா, தண்ணீர் லாரி உள்ளே வருமா என்று பார்த்துக் கனத்தைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். கல்லை விட முக்கியம் அதன் கீழே இருப்பது. மண்ணை நனைத்து, மெஷின் வைத்து இறுக்கி, ஜல்லி கலந்த அடித்தளம் போட்டு, அதன் மேல் ஒன்றரை அங்குலத்துக்குள் மணல் விரித்துக் கல் பதித்தால் கல் அசையாது. இறுக்காத கிராவல் மேல் நேராக டஸ்ட் கொட்டிப் பதித்துவிட்டால், கார் டயர் போகிற இரண்டு கோடும் ஒரே மழையில் அமிழ்ந்து, தண்ணீர் அங்கே தேங்கும். மலிவான எஸ்டிமேட் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில்தான். ஓரங்களில் கல் நகராமல் பிடிக்கும் கான்கிரீட் வரம்பும் இப்படிக் காணாமல் போகிற ஒரு வரி.

அறுபது அடிச் சுவர்: ஒரு கணக்கு

காம்பவுண்டுக்கு வருவோம். 60 அடி நீளம், தரைக்கு மேல் 5 அடி உயரம், நாலரை அங்குலச் செங்கல் சுவர், பத்தடிக்கு ஒரு தூண், தூண்களைக் கீழே இணைக்கும் ஒரு பீம். உசிலம்பட்டி, செக்கானூரணி, எழுமலைப் பக்கம் சாதாரணமாகக் கட்டுகிற சுவர் இதுதான். இதன் அளவை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், எந்த எஸ்டிமேட் வந்தாலும் பயமில்லை.

சுவரின் பரப்பு 300 சதுர அடி. நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 செங்கல் என்று வைத்தால், உடைசல் சேர்த்து 1,500 கல். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இதுவே இரு மடங்கு. கல் கட்டுக்கு 100 சதுர அடிக்கு இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சிமெண்டு பிடிக்கும். ஆக ஐந்தாறு மூட்டை. இரண்டு பக்கமும் பூசினால் 600 சதுர அடி. அரை அங்குலப் பூச்சுக்கு 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை. மொத்தம் ஆறேழு மூட்டை. தூண் ஏழு. ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலச் சதுரம், தரைக்குக் கீழே மூன்றடி, அதன் அடியில் இரண்டரை அடிச் சதுரத்தில் கான்கிரீட் பாதம். இத்துடன் பீமும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது 100 கன அடி கான்கிரீட் வரும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் அதற்கு மட்டும் 22 மூட்டை. பாதத்துக்கும் பீமுக்கும் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டுக்கு மூன்று நான்கு மூட்டை. கூட்டினால் ஏறத்தாழ 40 மூட்டை சிமெண்டு.

கம்பிக்கு ஒரு எளிய வழி உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். பத்து மில்லி கம்பி மீட்டருக்கு 617 கிராம். 40 அடிக் கம்பி ஒன்று 7.4 கிலோ. எட்டு மில்லி ஒன்று 4.7 கிலோ. தூணுக்கும் பீமுக்கும் நான்கு நான்காகப் பத்து மில்லி, அரையடிக்கு ஒரு வளையம் எட்டு மில்லி, பாதத்துக்கு ஒரு வலை என்று இந்தச் சுவருக்குப் போட்டால் 200 கிலோவை ஒட்டி வரும்.

நாற்பது மூட்டை, 1,500 கல், 200 கிலோ கம்பி. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று எஸ்டிமேட்டையும் மறுபடி எடுங்கள். 1,65,000 சொன்னவரிடம் சுவருக்கு மட்டும் எத்தனை மூட்டை என்று கேளுங்கள். “இருபத்தஞ்சு ஆகும்ணே” என்றால், தூணும் பீமும் அவர் கணக்கில் இல்லை, அல்லது கலவை மெலிகிறது. “எழுபது” என்று ஒருவர் சொன்னால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கலாம். அவர் ஒருவேளை ஆழமாக வானம் தோண்டிக் கருங்கல் கட்டு போடக் கணக்கிட்டிருப்பார். அப்படியென்றால் 2,90,000 அநியாய விலையாக இருக்க வேண்டியதில்லை. நான் பார்த்தவரை அதிக விலை சொல்லும் மேஸ்திரிகள் எல்லோரும் பேராசைக்காரர்கள் அல்லர். சிலர் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள்.

மண் என்றதும் ஒன்று. செம்மண் தரையில் மூன்றடி வானம் பல இடங்களில் போதும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் போகப் போகக் கரிசல் வருகிறது. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்; மேலாகப் போட்ட அஸ்திவாரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கும். பழைய வாசல்களில் குப்பைமேட்டை நிரவியிருப்பார்கள், மூடிய உறைகிணறு இருக்கும். பேரம் தொடங்கும் முன்பே ஒரு ஆளை வைத்து இரண்டு இடத்தில் குழி தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. செலவு அரை நாள் கூலி. சீட்டில் “வானம் 3 அடி, கெட்டித்தரை வராவிட்டால் கூடுதல் ஒவ்வோர் அடிக்கும் இன்ன தொகை” என்று எழுதி வாங்கிவிட்டால், வேலை நடுவில் நின்று, “அண்ணே, மண்ணு சரியில்ல, இன்னும் நாப்பது ஆகும்” என்கிற பேச்சு வராது.

சுவர் எங்கே நிற்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பழைய வேலி இருந்த இடம்தான் எல்லை என்று நம்பிக் கட்டிய சுவர்கள் மதுரை நீதிமன்றங்களில் எத்தனையோ ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. பட்டாவும் புலப்படமும் இணையத்தில் கிடைக்கின்றன. அளந்து தரச் சொல்லிச் சர்வேயருக்கு விண்ணப்பிப்பதும் இப்போது இணையத்திலேயே முடியும்.

சுவரைப் பற்றிப் பேசுகையில் தமிழ்நாடு மறக்கக் கூடாத விடியற்காலை ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அடுத்திருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். எல்லோரும் தலித்துகள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக மக்கள் சொன்னார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த சாதியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டுமே மழைக்கால மாதத்தில்.

ஒருபுறம் உயரமாக மண்ணை நிரப்பி, மறுபுறம் தாழ்வாக விட்டால், அது காம்பவுண்டு அல்ல. மண்ணைத் தாங்கும் சுவர். வாசலை இரண்டடி உயர்த்திய கணத்தில் பக்கத்து வீட்டை ஒட்டிய நமது நாலரை அங்குலச் சுவர் அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. அதற்கு அது கட்டப்படவில்லை. நனைந்த மண்ணின் அழுத்தம் காய்ந்த மண்ணைவிட மிக அதிகம். அந்த இடத்தில் கருங்கல் கட்டோ கம்பி போட்ட கான்கிரீட்டோ வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைக் குழாய்கள் விட வேண்டும். இதற்கு மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. ஒரு சிவில் இன்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்து வரைபடம் வாங்குவதுதான் சரி. மொத்தச் செலவில் அது சின்னத் தொகை.

புதுச்சுவரைப் பழைய வீட்டுச் சுவரோடு பல் விட்டு இணைத்துக் கட்டுவதும் இங்கே வழக்கம். பழைய சுவர் இறங்கி முடித்து நாற்பது ஐம்பது ஆண்டாகிறது; புதுச்சுவர் இனிமேல்தான் இறங்கும். இணைத்த இடத்தில் வெடிப்பு நிச்சயம். அரை அங்குல இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்தி, இடைவெளியை நெகிழும் பொருளால் அடைத்துவிட்டால் இரண்டும் அதனதன் போக்கில் இருக்கும். பழைய சுவரை ஒட்டி அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவது இதைவிட ஆபத்து. செம்மண் கலவையில் கட்டிய வீடுகளில் அஸ்திவாரம் இரண்டடி, மூன்றடிக்கு மேல் இருக்காது. ஆறடிக் குழியைச் சுவரோரம் எடுத்து மழையில் திறந்து போட்டால் சுவரே குழிக்குள் வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பது எஸ்டிமேட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் என்றதால், பழைய தொட்டியைச் சுத்தம் செய்து பெரிதாக்குவது வேலையில் இருந்தால், ஆளை உள்ளே இறக்கமாட்டோம், லாரி வைத்து உறிஞ்சி எடுப்போம் என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்குங்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குபவருக்கு முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ இரண்டு லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மேஸ்திரி கூட்டிவந்த ஆள் என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சட்டம் இருக்கட்டும், மூடிக் கிடந்த தொட்டியின் வாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு

அந்த நான்கு வரிச் சீட்டில் மிகக் குறைவாகச் சந்தேகப்படுவது வெளிப்பூச்சை. ‘பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுப் பூச்சு, சதுர அடி இவ்வளவு.’ இதில் என்ன இருக்கிறது?

வீடு எப்போது கட்டியது என்பது இருக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்திய வீடுகள் பலவும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, அல்லது மண்ணில் கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. மேலே செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், அதன் மேல் தட்டோடு. மதுரையில் சுண்ணாம்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் போதும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் போட்டு, அதற்கும் மேல் ரப்பர் போன்ற வெளிப்புறப் பெயிண்டையும் அடித்தால், சட்டையைக் கழற்றவிடாமல் மழைக்கோட்டைத் தைத்துவிட்ட மாதிரி. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் பார்த்துத் திரும்பும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, ஒருநாள் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும்.

அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். குறைந்தபட்சம் சுண்ணாம்பு கலந்து மெலிந்த கலவை. கடுக்காய் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு, கூலியும் கூடும், காய நாளும் பிடிக்கும். எல்லோராலும் முடியாது என்பது தெரியும். சுவர் எதில் கட்டியது என்று ஒரு இடத்தில் பெயர்த்துப் பார்க்காமலேயே சதுர அடி ரேட் சொன்னவரிடம், அதைப் பார்த்துவிட்டு மறுபடி சொல்லச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

அளவு எடுக்கும் முறையையும் முன்பே பேசிவிட வேண்டும். ஜன்னல், வாசல் கழித்து அளப்பதா, கழிக்காமலா? இதற்கு நாடு முழுவதற்குமான விதி ஐ.எஸ். 1200-இல் இருக்கிறது. பூச்சில் அரைச் சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிக்க வேண்டாம். அதன் ஓரங்களைப் பூசும் வேலைக்கு அது ஈடு. அதைவிடப் பெரிய ஜன்னலுக்குக் கழிவு உண்டு. ஊர் வழக்கில் எதையுமே கழிக்காமல் அளந்து, ஓரத்துக்கும் தனியாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாரம் கட்டும் செலவு, கொத்திய பூச்சை அள்ளிக் கொட்டும் டிராக்டர் வாடகை, பக்கத்து வீட்டுப் பக்கச் சுவரைப் பூசுவது ஆகியவை யார் கணக்கு என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்.

பில், கூலி, தவணை

பொருளை நாம் வாங்கிக் கொடுத்து வேலையை மட்டும் கூலிக்கு விடுவது நல்லதா, பொருளோடு சேர்த்து விடுவதா என்று கேட்பார்கள். வீட்டில் நின்று பார்க்க ஆள் இருந்தால் கூலிக்கு விடுவது லாபம். பெங்களூரிலிருந்து போனில் நடத்துவதென்றால், அளவுகளை எழுதி வாங்கிப் பொருளோடு விடுவதே மேல். இல்லாவிட்டால் பாதி மூட்டை உறைந்து வீணாவதைத் தடுக்க ஆள் இருக்காது.

விலை நிலையாக இருக்கும் என்றும் எண்ண முடியாது. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எம் சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் மாநிலம் முழுவதும் வேலைகள் நின்றன. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்திய விலை 300 ரூபாய் என்று வைத்தால், 384 ரூபாய் மூட்டை 354 ஆகிறது. நாற்பது மூட்டைக்கு 1,200 ரூபாய். பழைய விலையை மனதில் வைத்து எழுதிய சீட்டு என்றால் இதைக் கேட்டு வாங்கலாம். எஸ்டிமேட்டின் கடைசியில் ‘ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி’ என்று இருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்யும் மேஸ்திரி பதிவு செய்ய வேண்டியதே இல்லை; பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது.

நனைப்பதை, ‘கியூரிங்’ என்கிற அந்த வேலையை, யார் செய்வது என்று எந்தச் சீட்டிலும் பார்க்க முடியாது. கட்டடக் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாளும், இப்போது பெரும்பாலும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளும் நனைக்கச் சொல்கிறது. வறண்ட வெயிலில் இன்னும் கூடுதல். ஆவணி வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது வீட்டிலிருக்கும் பெரியவர்கள் தலையில் விழும். அதற்கு ஒரு சித்தாளின் அரைக் கூலியைச் சேர்த்தே எழுதச் சொல்லலாம்.

அச்சாரத்தை மொத்தத்தில் பத்தில் ஒன்றோடு நிறுத்திவிட்டு, மீதியை வேலை நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. வானம் தோண்டிப் பாதம் போட்டதும் ஒரு பங்கு, பீம் முடிந்ததும் ஒரு பங்கு, கல் கட்டு, பூச்சு என்று. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க மேஸ்திரிக்குக் கையில் காசு வேண்டும். அதை நிறுத்திவைத்து மிரட்டினால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர் கூட்டிவரும் கொத்தனாரும் சித்தாளும் 1994-இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்பதில் தவறில்லை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அந்தப் பதிவு அவர் குடும்பத்துக்கு உதவும்.

தகராறு முற்றினால், வீட்டு ரிப்பேர் வேலைக்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் வராது. நுகர்வோர் ஆணையம் வரும். வேலைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் அங்கே போய் நீட்ட வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரியும் ஒரு தொகையும் மட்டும் இருந்தால், எது விட்டுப்போனது என்று நிரூபிப்பது கடினம். ஸ்டாம்ப் பேப்பரில் அளவுகளோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சே வேறு.

கடைசித் தவணையில் ஒரு பகுதியை, இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், முதல் பெருமழை முடியும் வரை நிறுத்திவைப்பதாக முன்பே பேசிவிடுங்கள். அரசு வேலைகளிலும் இப்படிப் பிடித்தம் உண்டு. மேஸ்திரிகளுக்கு இது புதிதில்லை. சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். “பேயட்டும்ணே, பாத்துட்டே குடுங்க” என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டு, எந்த மூலையில் தண்ணீர் இறங்கும் என்று கால் விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டுகிற ஆள் கிடைத்தால், அவர் சொன்ன விலை நடுவில் இருப்பவரை விடப் பதினைந்தாயிரம் கூட என்றாலும் அவரிடமே கொடுக்கலாம்.